கோடு போட்டால் ஆறாகுமா?

திருச்செந்தூருக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவை நோக்கி அமர்ந்திருக்கிறது குலசேகரன்பட்டினம். பாண்டியன் பெயர் தாங்கிய பழந்துறை. ஒரு பக்கம் உப்பு நிலம், மறுபக்கம் செம்மணல் தேரி, இடையே பனை. அன்று மரக்கலம் வந்து நின்ற கரை அது. இனி ஏவுகலம் எழப்போகும் கரை. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது.

ஏன் அந்த ஊரைத் தேர்ந்தார்கள்? புண்ணியத் தலம் என்றா? நல்ல நாள், நல்ல திசை பார்த்தா? இல்லை! சிறீஅரிக்கோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கிச் செலுத்தும் ஏவுகலம், இலங்கைத் தீவின்மேல் பறக்கக்கூடாது என்பதற்காகக் கிழக்கே ஒதுங்கி, வளைந்து போகவேண்டியிருக்கிறது; எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே செலுத்தலாம். அண்டார்க்டிகாவின் பனிக்கரை வரும்வரை வழியில் பெருநிலம் எதுவும் இல்லை. கடல், கடல், கடல்தான்! ஆகவே தேர்ந்தனர்.

அந்தக் கடலின்மீதுதான், தோழர்களே, நம்மவர் சிலர் ஒரு கண்டத்தையே வரைந்து வைத்திருக்கின்றனர். கண்டம் மட்டுமா? அதில் மலைகள், நாடுகள், நகரங்கள்! அவற்றினூடே நீலநிறத்தில் நெளிந்தோடும் ஓர் ஆறு. அதன் அருகே “பஃறுளி” என்ற எழுத்து! ஏவுகலம் விடும் விஞ்ஞானி “தெற்கே நிலமில்லை” என்கிறார், சுவரில் தொங்கும் படம் “இதோ பார், ஆறு!” என்கிறது. இரண்டில் எதை நம்புவது? நம்புவது என்ற சொல்லே நமக்கு வேண்டாம். எதை எவ்வளவு தூரம் ஏற்பது, எந்த இடத்தில் நிற்பது என்று கேட்போம்.

பஃறுளி கட்டுக்கதையா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு, நெட்டிமையார் என்னும் புலவர், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை வாழ்த்திப் பாடியது. பஃறுளி ஆற்று மணலைக் காட்டிலும் பல ஆண்டு வாழ்க என்பது அந்த வாழ்த்தின் கருத்து. ஆறு இருந்தது, மணல் கொண்டதாய் இருந்தது, அதன் நீர் நல்ல நீர், பாண்டியர் முன்னோன் ஒருவனோடு தொடர்புடையது. இவ்வளவுதான் அந்தப் பாட்டு தருகிற செய்தி. அது எங்கே தோன்றிற்று, எந்தத் திசையில் ஓடிற்று, எத்தனை கல் தொலைவு சென்றது என்று புலவர் சொல்லவில்லை. வாழ்த்தவந்தவர் அவர், அளக்கவந்தவர் அல்லர்!

அடுத்த சான்று சிலப்பதிகாரம். காடுகாண் காதையில், பஃறுளி ஆற்றையும் மலை அடுக்குகளையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டது என்ற செய்தி வருகிறது. அதுவும் பாண்டியனைப் புகழும் இடத்தில் வருவதே. நிலத்தை இழந்த பாண்டியன் வடக்கே கங்கையையும் இமயத்தையும் கொண்டான் என்று தொடர்கிறது அந்தப் புகழ். கங்கையும் இமயமும் பாண்டியன் ஆட்சியில் இருந்தன என்று இன்று எந்த வரலாற்றாசிரியரும் படம் வரைவதில்லை. புகழ்மொழி என்று விட்டுவிடுகிறார்கள். அதே தொடரின் முன்பாதியை மட்டும் நில அளவைக்காரர் குறிப்பேடாக எடுத்துக்கொள்வது எந்த நீதி?

இலக்கியத்தில் “கோடு” என்றால் மலைமுகடு. படம் வரைபவர் கையிலோ கோடு என்றால் வெறும் கீற்று. முதற்கோட்டைக் கடல் கொண்டது என்பர். இரண்டாவது கோட்டை எந்தக் கடலும் கொள்ளவில்லை! பாடநூல் முதல் சுவரொட்டி வரை அது நிலைத்து நிற்கிறது.

அளவு எங்கிருந்து வந்தது? பாட்டுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய உரைகளிலிருந்து வந்தது. சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதம் என்றார். அந்த நிலத்தில் ஏழேழாக 49 நாடுகள் இருந்தன என்றும் அடுக்கினார். புலமையில் பெரியவர் அவர். நமக்கு அவர் விட்டுச்சென்றவை விலைமதிப்பற்றவை. ஆயினும் பெரியவர் சொன்னார் என்பதற்காகக் கணக்கைப் போட்டுப்பார்க்காமல் விடுவது, நாம் கற்ற பாடம் அல்லவே!

போட்டுப்பார்ப்போம். காவதம் என்பது எவ்வளவு? பத்து மைல் என்பார் உண்டு. அதனிலும் மிகக் குறைவு என்பாரும் உண்டு. பத்து மைல் என்றே கொள்வோம். 700 காவதம் என்றால் 7,000 மைல். கன்னியாகுமரி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் உள்ளது. அங்கிருந்து தென்துருவம் வரை 98 பாகை. பாகைக்கு 69 மைல் வீதம் பெருக்கினால் 6,762 மைல். அதாவது, பஃறுளி ஆறு தென்துருவத்தையும் தாண்டி, உலக உருண்டையின் மறுபக்கத்தில் ஓடியிருக்கவேண்டும்! சரி, காவதத்தைச் சுருக்கி ஒன்றரை மைல் ஆக்குவோம். அப்போதும் ஆயிரம் மைலுக்கு மேல் வருகிறது. அளவுகோலே ஆளுக்கொன்றாக இருக்கும்போது, அதைக்கொண்டு வரைந்த ஆறு எந்த இடத்தில் நிற்கும்?

இந்த 700 காவதத்துக்குத் துணையாக, மேல்நாட்டிலிருந்து ஒரு பெயர் வந்து சேர்ந்தது. 1864-இல் பிலிப் சுகிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலார், மடகாசுகரில் வாழும் இலெமூர் என்ற விலங்குகளின் இனத்தொடர்பை விளக்க, இந்துமாக்கடலில் ஒரு நிலப்பாலம் இருந்திருக்கலாம் என்று கருதி, அதற்கு “இலெமூரியா” என்று பெயரிட்டார். விலங்குக்காக ஒருவர் கற்பித்த நிலத்தை, மொழிக்காக நாம் வாங்கிக்கொண்டோம்! அந்தக் காலத்தில் அது விஞ்ஞானம்தான், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் விஞ்ஞானம் அங்கேயே நிற்கவில்லை. 1912-இல் வெகனர் கண்டங்கள் நகருகின்றன என்றார். 1960-களில் புவித்தட்டுக் கொள்கை உறுதிப்பட்டது. மடகாசுகரும் இந்தியாவும் ஒட்டியிருந்து பிரிந்தவை. பிரிந்து எட்டுக்கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. மனித இனத்துக்கோ வயது சில இலட்சம் ஆண்டே. ஆகவே நிலப்பாலம் தேவையற்றதாயிற்று. சுகிளேட்டரின் நாட்டார் அதை மறந்தனர். நாம் மறக்கவில்லை. 1981-இல் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, குமரிக்கண்டத்தைப் பற்றி அரசின் ஆவணப்படமே எடுக்கப்பட்டது.

அப்படியானால் கடல்கோள் பொய்யா? அதுவும் இல்லை. இங்கேதான் நிதானம் தேவை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அன்று பாக் நீரிணை தரை. தமிழகமும் ஈழமும் ஒரே நிலம். குமரிமுனைக்குத் தெற்கேயும் கரை நீண்டிருந்தது. ஆறுகள் அந்த நிலத்தின் குறுக்கே ஓடி, இன்றைய கடலடியில் கலந்தன. பின்னர்ப் பனி உருகிற்று, கடல் ஏறிற்று, 7,000 ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய மட்டத்தை நெருங்கிற்று. நிலம் மூழ்கியது உண்மை! ஆனால் மூழ்கியது கண்டத்தின் விளிம்பு. சில பத்து மைல். அதற்கு அப்பால் கடலடி ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்த ஆழம் எந்தப் பனியூழியிலும் தரையாக இருந்ததில்லை.

கடல் ஊரைக் கொள்வதற்குப் பனியூழியும் தேவையில்லை. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுசுகோடி போயிற்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து என்ன செய்தது என்பதை நாகையும் கடலூரும் குமரியும் அறியும். பழம்புலவன் செவியில் விழுந்த கடல்கோள் செய்தி இத்தகைய ஓர் அழிவின் நினைவாக இருந்திருக்கலாம். கரை மெல்ல மெல்லப் பின்வாங்கியதன் நினைவாகவும் இருந்திருக்கலாம். “இருந்திருக்கலாம்” என்ற சொல்லில் இழிவு இல்லை, தோழர்களே! அறிவுடையோன் நிற்குமிடம் அது. இன்னொரு கருத்தும் உண்டு. குமரி மாவட்டத்தில் இன்றும் பறளியாறு என்றொரு ஆறு ஓடுகிறது, பழையாறும் ஓடுகிறது. பஃறுளி என்ற பெயரோடு இவற்றைப் பொருத்திப் பார்த்தவரும் உளர். கடலுக்குள் தேடியது காலடியிலேயே ஓடுகிறதோ என்னவோ! இதுவும் முடிந்த முடிபு அன்று. ஆனால் போய்ப் பார்க்கக்கூடிய முடிபு.

வடக்கே என்ன நடக்கிறது? அங்கும் ஒரு காணாமற்போன ஆறு: சரசுவதி. வேதத்தில் புகழப்பட்ட ஆறு எங்கே என்று தேடி, அரியானா, இராசத்தான் வழியே பாகித்தானுக்குள் செல்லும் கக்கர்–அக்ரா என்ற வறண்ட தடமே அது என்றனர். 2015-இல் அரியானா அரசு சரசுவதிக்கென்றே ஒரு வாரியம் அமைத்தது. செயற்கைக்கோள் படத்தில் அகன்ற பழந்தடம் தெரிகிறது, உண்மைதான். அதன் கரையில் சிந்துவெளி மக்களின் ஊர்கள் நிறைந்திருக்கின்றன; அதுவும் உண்மைதான். ஆனால் அந்தத் தடத்தில் இமயத்துப் பேராறு எப்போது ஓடிற்று? 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, துளையிட்டு மணலை எடுத்து, அதன் வயதைக் கணித்து, சட்லெச்சு ஆறு அந்தத் தடத்தை 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே விட்டு விலகிவிட்டது என்றது. பேராறு போன பின்னரே, அது விட்ட பள்ளத்தாக்கில் சிந்துவெளி ஊர்கள் தழைத்தன என்றது. 2019-இல் வேறோர் ஆய்வு, 9,000 முதல் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கு வற்றாத நீர் ஓடிற்று என்றது. அறிவியலார் இன்னும் வழக்காடுகின்றனர். வாரியம் வழக்காடவில்லை, பெயர்ப்பலகை நட்டுவிட்டது!

நாம் அதைக் கண்டு நகைக்கிறோம். நகைப்பதற்கு நமக்கு உரிமை வேண்டுமானால், ஒரு நிபந்தனை உண்டு. சரசுவதிக்கு எந்தக் கோல் கொண்டு அளக்கிறோமோ, அதே கோலைப் பஃறுளிக்கும் நீட்டவேண்டும். வடவர் பாட்டு சான்றாகாது, தமிழ்ப் பாட்டு சான்றாகும் என்றால், நாம் பேசுவது பகுத்தறிவு அன்று, பங்காளிச் சண்டை!

அளக்கக்கூடிய ஆறு ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. குலசேகரன்பட்டினத்துக்கு வடக்கே, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி. பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி முடிகிற ஆறு. இன்று ஓடும் ஆறுதான். ஆனால் நேற்று எங்கே ஓடிற்று என்பது இன்னும் தீராத வினா.

முதல் இடர்ப்பாடு, பெயர். பொருநை என்பது அதன் பழம்பெயர் என்கிறோம். ஆனால் சங்கப் பாடல்கள் சிலவற்றில் வரும் பொருநை, சேரரின் கருவூரை ஒட்டி ஓடும் ஆன்பொருநை, இன்றைய அமராவதி. பொருநை என்ற சொல் கண்ட இடமெல்லாம் நெல்லையைக் காண்போர், கருவூர் ஆற்றைத் திருப்பி நெல்லைக்குக் கொண்டுவந்துவிடுகின்றனர். அசோகன் கல்வெட்டில் சோழர், பாண்டியர் நாடுகளுக்கு அப்பால் “தம்பபண்ணி” என்று வருகிறது. அது நம் ஆறா, ஈழத்தீவா என்று அறிஞரிடையே வழக்கு. தாலமி என்ற கிரேக்க அறிஞன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், “சோலென்” என்ற ஆற்றையும் “கொல்கை” என்ற துறையையும் குறித்தான். கொல்கை கொற்கைதான், சோலென் தாமிரபரணி என்பர். ஆனால் அவன் வரைபடத்தில் தென்னாடு தட்டையாகக் கிடக்கிறது. இலங்கை உண்மையினும் பன்மடங்கு பெரிதாக வீங்கியிருக்கிறது. அந்தப் படத்தின் மேல் கோலை வைத்து ஆற்று முகத்தை அளக்க முடியுமா?

இரண்டாவது இடர்ப்பாடு, ஆற்றின் இயல்பு. மலையிலிருந்து வண்டலைச் சுமந்து வருகிறது ஆறு. சமவெளியில் சரிவு குறைகிறது, வேகம் தளர்கிறது, சுமை இறங்குகிறது. தன் படுகையைத் தானே உயர்த்திக்கொள்கிறது. ஒரு பெருவெள்ளத்தில் கரையை உடைத்துக்கொண்டு தாழ்ந்த பக்கம் பாய்கிறது. பழைய வழி சில காலம் கிளையாறாகும், பின்பு ஓடையாகும், பின்பு குளமாகும், பின்பு வயலாகும், இறுதியில் பட்டாவாகும்! ஆகவே “பண்டைத் தாமிரபரணி எது?” என்று கேட்பதே பிழை. எந்த நூற்றாண்டின் தாமிரபரணி என்று கேட்கவேண்டும்.

இதற்குச் சாட்சி, துறைமுகங்களின் வரிசை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமியின் குறிப்பேடு முத்துக்குளிக்கும் துறையாகக் கொற்கையைக் கூறிற்று. இன்று கொற்கை கடலிலிருந்து ஏறத்தாழ ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயல்களிடையே நிற்கும் சிற்றூர். அருகே அக்கசாலை என்ற பெயர் மட்டும், அங்கு ஒருகாலத்தில் காசு அடித்ததை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ “காயல்” என்ற துறையைக் கண்டான். அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய துறை அது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் புன்னைக்காயலில் இருந்தனர். தமிழ் எழுத்தில் 1578-இல் “தம்பிரான் வணக்கம்” அச்சிட்ட என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் வாழ்ந்த இடம். அதன்பின் வாணிகம் தூத்துக்குடிக்கு நகர்ந்தது. மன்னர்கள் மாறியதும் வணிகர் வழி மாறியதும் இதில் பங்கு கொண்டிருக்கும். ஆயினும் கடல் விலக விலக, ஆறு மண்ணிட மண்ணிட, துறை கரையைத் துரத்திக்கொண்டே போயிற்று என்பதையும் இந்த வரிசை காட்டுகிறது.

இதை முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கால்டுவெல். 1870-களில் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தார். 1881-இல் வெளிவந்த அவரது திருநெல்வேலி வரலாற்றிலும் எழுதினார். கொற்கைக்கும் கடலுக்கும் இடையே உள்ள நிலம் ஆறு கொணர்ந்த மண்ணால் வளர்ந்தது என்பது அவர் வாதம். மார்க்கோ போலோவின் காயல், பழையகாயலே என்றார். பிறர் காயல்பட்டினம் என்றனர். மூன்று காயல்கள், ஒரே பெயர், ஓராற்று முகத்தின் இருபக்கமும்! ஒரு பெயரை எந்தக் காயலில் ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, 13-ஆம் நூற்றாண்டின் ஆற்றுமுகம் பல கிலோமீட்டர் வடக்கும் தெற்குமாக ஆடுகிறது.

மூன்றாவது இடர்ப்பாடு, மணல். குலசேகரன்பட்டினத்தின் பின்புறம் விரிந்து கிடக்கும் தேரி, காற்று குவித்த செம்மணல். கோடைக்காற்று வீச வீச, மேலே உள்ள மணல் இடம் பெயர்கிறது. அடியில் என்ன தடம் இருந்தாலும் மூடிவிடுகிறது. பழங்கால மனிதனின் சிறுகற்கருவிகள் இந்தத் தேரிகளில் கிடைத்திருக்கின்றன. சாயர்புரம் முதலிய இடங்களை ஆராய்ந்து சாய்னரும் ஆல்சினும் 1956-இல் எழுதினர். பழைய கடல்மட்டத்தோடு தேரிகளைத் தொடர்புபடுத்திப் பார்க்க முயன்றனர். ஆகவே மணல் பகை மட்டும் அல்ல, ஏடும்கூட. ஆனால் படிக்கத் தெரிந்தவன் கையில்தான் அது ஏடு.

நான்காவது, மனிதன் கை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். ஏழு ஆங்கிலேயர் வருமுன்னரே கட்டப்பட்டவை. எட்டாவதான திருவைகுண்டம் அணை 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கால்வாய், குளம், மடை, மறுகால் என்று நீரை வளைத்து வளைத்து நிலத்தையே திருத்தி எழுதிவிட்டனர் நம் உழவர். வானிலிருந்து பார்க்கும்போது வளைந்து தெரியும் தடம் இயற்கை ஆற்றினதா, பாண்டியன் வெட்டிய கால்வாயா, பழைய கிளையாற்றையே கால்வாயாக்கிக்கொண்டதா? படம் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே, மணப்பாட்டில் கடலைத் தொடும் கருமேனியாற்றைப் பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் சிற்றாறு. தாமிரபரணியின் வெள்ள நீரைக் கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் கொண்டுசெல்லும் இணைப்புத் திட்டம் 2009-இல் தொடங்கப்பட்டு, 2025 பிப்ரவரியில் மக்களுக்கு அளிக்கப்பட்டது. நல்ல பணி! ஆயிரம் ஆண்டு கழித்து ஓர் ஆராய்ச்சியாளன் வந்து, அந்தக் கால்வாயின் தடத்தைக் கண்டு, “பண்டைத் தாமிரபரணி இவ்வழியே மணப்பாட்டுக்கு ஓடிற்று” என்று எழுதினால் என்ன ஆகும்? நம் முன்னோர் வெட்டியதைப் பார்த்து நாமும் அப்படி எழுதிவிடக் கூடாதே!

பின் எப்படித்தான் வரைவது? வழி இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. செயற்கைக்கோள் படம் ஐயத்தைக் கிளப்பும், ஐயத்தைத் தீர்க்காது. அது காட்டும் தடத்தில் இறங்கித் துளையிடவேண்டும். மேல் மண், களி, ஆற்று மணல், கடற்சிப்பி என்று அடுக்கடுக்காக எடுத்துப் பார்க்கவேண்டும். மணலில் உள்ள சில கனிமத் துகள்கள், தாம் பிறந்த பாறையின் வயதைத் தம்முள் பொதிந்து வைத்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு அந்த மணல் எந்த மலையின் மகவு என்று கேட்கலாம். படிகக்கல் துகள் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று ஒளியுமிழ்வு முறையில் கணிக்கலாம். கரி, உமி, எலும்பு கிடைத்தால் கரிமக் கணிப்பு. பின்பு அகழாய்வு. பின்பு கல்வெட்டு. இவை எல்லாம் ஒரே விடையைச் சொன்னால், தடித்த கோடு. இரண்டு சொல்லி ஒன்று மறுத்தால், புள்ளிக்கோடு. எதுவும் சொல்லாத இடத்தில் வெற்றிடம். வெற்றிடம் விடத் துணிவுள்ளவனே நேர்மையான வரைபடக்காரன்!

“இத்தனை தொல்லை எதற்கு? பழம்பெருமை பேசினால் மக்கள் எழுச்சி பெறுவார்களே!” என்று கேட்கும் நண்பர் உண்டு. அவர்க்கு இரண்டு மறுமொழி.

ஒன்று, பெருமைக்கே சான்றுதான் காவல். 1968–69-இல் தமிழகத் தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்தது. அங்கு கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021 செப்டம்பரில், சிவகளையில் முதுமக்கள் தாழியிலிருந்து எடுத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். பொருநைக்கரை நாகரிகம் 3,200 ஆண்டுப் பழைமை உடையது என்று உலகின் முன் நிமிர்ந்து சொல்ல முடிந்தது. எதனால்? உமி ஒரு சிறு பொருள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வைக்கக்கூடிய பொருள். 49 நாடுகளை ஆய்வுக்கூடத்தில் வைக்க முடியாது. ஒரே மேடையில் உமியையும் 49 நாட்டையும் சேர்த்து வைத்தால், மாற்றான் எதைப் பிடித்துக்கொள்வான்? நாட்டைக் காட்டி நகைப்பான். அந்த நகைப்பில் உமியையும் ஊதிவிடுவான். மெய்யான பழைமை உடையவனுக்குப் பொய்ப் பழைமை பாரம்.

மற்றொன்று, உயிர். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தாமிரபரணிக் கடைமடையில் பெய்த மழையை மறந்துவிட முடியுமா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! அங்கு ஓராண்டு முழுதும் பெய்வதைக் காட்டிலும் கூடுதல். குளங்கள் உடைந்தன. திருவைகுண்டத்தில் திருச்செந்தூர் தொடர்வண்டி நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். வெள்ளத்துக்குப் பட்டா தெரியாது, மனைப்பிரிவு தெரியாது. தாழ்ந்த தடம் ஒன்றே அதற்குத் தெரியும். ஆறு மறந்துவிட்டது என்று நாம் எண்ணும் வழியை, ஆறு மறப்பதில்லை. பழந்தடம் எது என்று அறிந்திருந்தால், எங்கே வீடு கட்டக்கூடாது, எந்த மறுகாலை அடைக்கக்கூடாது என்று முன்னரே சொல்லலாம். தடுக்கத்தக்க அழிவைத் “தெய்வச் சீற்றம்” என்று சொல்லி, அடுத்த வெள்ளம்வரை உறங்க வேண்டியதில்லை.

வெள்ளம் போன பின் வறட்சி. தேரிக்காட்டு ஊர்களில் கடல்நீர் நிலத்தடியில் ஏறி, கிணறுகள் உவர்க்கின்றன. மணலுக்கடியில் புதைந்த பழைய ஆற்றுத்தடம் நன்னீரைத் தேக்கி வைக்கக்கூடியது. அது எங்கே என்று தெரிந்தால் மழைநீரை அங்கே இறக்கிக் காக்கலாம். கண்மூடித் துளையிட்டு உறிஞ்சுவதைத் தடுக்கலாம். தண்ணீர்க் குடத்தோடு நடக்கும் தாய்மாருக்கு, 700 காவதத்துக்கு அப்பால் ஓடிய பஃறுளியால் ஒரு குவளை நீர் கிடைக்காது. காலடியில் புதைந்த தடத்தால் கிடைக்கக்கூடும்.

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் ஓர் ஓடை இருக்கும். மூடப்பட்டு, மறக்கப்பட்டு, பெயர் மட்டும் மிஞ்சி நிற்கும். வற்றிய வாய்க்காலின் பெயரை முதியோரிடம் கேளுங்கள். கிணறு வெட்டுவோர் எத்தனை அடியில் ஆற்றுமணல் கண்டார்கள், எத்தனை அடியில் சிப்பி கண்டார்கள் என்று குறித்துவையுங்கள். 2023 வெள்ளம் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்று அளந்து எழுதுங்கள். பழைய நில அளவைப் படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிடுங்கள். கல்லூரியில் மண்ணியல் பயிலும் தோழர் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். எழுதும்போது, கண்டதைக் கண்டது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும், கருதியதைக் கருதியது என்றும் தனித்தனியே எழுதுங்கள். அந்த மூன்றையும் கலந்துவிட்டவர்களால்தான் வடக்கே பலகையும் தெற்கே படமும் முளைத்தன.

குலசேகரன்பட்டினத்திலிருந்து எழும் கலங்கள் துருவப் பாதையில் நிறுத்தப்போகும் செயற்கைக்கோள்கள், பூமியை நோக்கிக் கண் திறந்திருக்கும். கொற்கையின் வயலையும் கருமேனியாற்றின் வறண்ட மணலையும் அவற்றால் பார்க்க முடியும். அவை அனுப்பும் படத்தைக் கையில் வாங்கும் தமிழன், தான் காண விரும்புவதை அதில் காண்பானா, அங்கு இருப்பதைக் காண்பானா? கண்ணுக்குக் கருவி வந்துவிட்டது. கருத்துக்கு நேர்மை வேண்டும். ஓர் ஆற்றை இழந்தவன், தேடிக் கண்டுகொள்ளலாம். மெய்யை இழந்தவன், எந்த ஆற்றைக் கண்டு என்ன பயன்?